யாரும் குனிய வேண்டாத வாசல்: தமிழக எம்.பி.க்களுக்கு டில்லியிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் இரு அவைகளுக்கும் தேர்வாகி டில்லிக்கு வந்திருக்கும் உறுப்பினர்களுக்கு, இங்கே வசிக்கும் தமிழ்ப் பொறியாளர்கள் சிலரின் வணக்கம்.

ஐயா, அம்மா,

குளிர்காலக் கூட்டத்தொடருக்கு வந்து இறங்கினால் நார்த் அவென்யூ, சவுத் அவென்யூ வீடுகளில் ஏர் ப்யூரிஃபயரைப் போடாமல் தூங்க முடிவதில்லை. அவையில் டில்லிக் காற்றைப் பற்றிப் பேச்சு எழுந்தால் தூசு, வைக்கோல் புகை, வண்டிப் புகை என்று மூன்றோடு முடிந்துவிடும். நாங்கள் எழுத வந்தது நான்காவது ஒன்றைப் பற்றி. அனல்மின் நிலையப் புகைபோக்கி வழியாக ஆவியாகப் போகும் பாதரசம். அதற்கு நிறமில்லை, வாடையில்லை. தூசு பிடிக்கும் ஹெப்பா வடிகட்டியில் அது சிக்காது. நாட்டின் காற்றுத் தரக் குறியீடு கணக்கில் எடுக்கும் எட்டு மாசுகளில் ஈயம் உண்டு, பாதரசம் கிடையாது.

அதற்கென்று ஒரு வரம்பு இருக்கத்தான் செய்கிறது. 2015 டிசம்பர் 7 அன்று சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட அறிவிக்கையில் ஒரு கன மீட்டர் புகைக்கு 0.03 மில்லிகிராம் என்று வைத்தார்கள். அதே அறிவிக்கையில் வந்த கந்தக டை ஆக்சைடு வரம்பை எதிர்த்து மின் நிறுவனங்கள் பத்து ஆண்டுகளாக மல்லுக்கட்டுகின்றன. 2017 என்ற கெடு 2022 ஆகி, பிறகு 2026, 2029 என்று தள்ளிக்கொண்டே போயிற்று. பாதரச வரம்பைப் பற்றி அப்படி ஒரு சண்டையே கிளம்பவில்லை. ஏன் என்று தெரிந்துகொள்ள வகுத்தல் கணக்கு போதும்.

தன்பாத்தில் உள்ள மத்திய சுரங்க, எரிபொருள் ஆராய்ச்சி நிறுவனம் ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டத்துக்காக ஆய்ந்து சொன்னபடி, நம் அனல்மின் நிலையங்களுக்குப் போகும் நிலக்கரியில் கிலோவுக்குச் சராசரி 0.14 மில்லிகிராம் பாதரசம் இருக்கிறது. 4,000 கிலோகலோரி தரத்தில் ஒரு கிலோ எரிந்தால், ஈரத்தைக் கழித்து, 6 விழுக்காடு ஆக்சிஜனுக்குத் திருத்திப் பார்க்கும்போது ஏறக்குறைய 5.6 கன மீட்டர் புகை வரும். 0.14ஐ 5.6ஆல் வகுங்கள்: 0.025. உள்ளே போன பாதரசம் எங்கேயும் பிடிபடாமல் முழுக்க வானத்துக்குப் போனாலும் சராசரி நிலக்கரியில் வரம்பு மீறாது. யானை புகும் உயரத்துக்கு வாசல் வைத்துவிட்டு 'குனிந்து வரவும்' என்று பலகை மாட்டியிருக்கிறார்கள்.

விகிதமாகப் பார்த்தால் சின்ன எண். எடையாகப் பாருங்கள். 500 மெகாவாட் அலகு (ஒரு பாய்லரும் டர்பைனும் சேர்ந்த தொகுதி) ஒன்று 75 விழுக்காடு சுமையில் ஓராண்டு ஓடினால் 328.5 கோடி யூனிட் மின்சாரம். யூனிட்டுக்கு 650 கிராம் என்று வைத்தால் 21 லட்சம் டன்னுக்கு மேல் நிலக்கரி. அதில் இருக்கும் பாதரசம் சுமார் 300 கிலோ, அதாவது 22 லிட்டர். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் தண்ணீர் கேனில் ஊற்றினால் நிரம்பி வழியும். அந்தக் கேனை நாலு பேர் சேர்ந்தாலும் நகர்த்தத் திணறுவார்கள். ஒரே அலகு, ஒரே ஆண்டு.

சில அலகுகளுக்கு இந்த வரம்புகூட இல்லை. 2003 டிசம்பர் 31க்கு முன் நிறுவப்பட்டவற்றில் 500 மெகாவாட்டும் அதற்கு மேலும் உள்ளவைக்குத்தான் பாதரச வரம்பு. டில்லிக்கு அருகே உள்ள தாதரி அனல்மின் நிலையத்தின் நான்கு 210 மெகாவாட் அலகுகள் விலக்கு. உங்கள் ஊர்ப்பக்கம் வந்தால் தூத்துக்குடியில் 5, மேட்டூரில் 4, வடசென்னை முதல் நிலையில் 3, எல்லாமே 210 மெகாவாட், எல்லாமே விலக்கு.

சீனாவிலும் இதே 0.03தானே என்று அமைச்சகத்தில் உங்களுக்குப் பதில் சொல்லக்கூடும். உண்மைதான், 2015 முதல் அங்கும் அதுவே. ஆனால் அங்கே ஏறத்தாழ எல்லா நிலையங்களிலும் கந்தகம் நீக்கும் கோபுரமும் நைட்ரஜன் ஆக்சைடு குறைக்கும் வினையூக்கியும் மாட்டியாகிவிட்டது; அவை போகிற போக்கில் பாதரசத்தையும் பிடித்துவிடுகின்றன. வரம்பு ஒன்றுதான், புகைபோக்கிக்கு முன்னால் நிற்கும் இயந்திரம் வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் பெரிய, பழைய நிலக்கரி நிலையங்களுக்கு வைத்த உச்சம் கன மீட்டருக்கு 4 மைக்ரோகிராம் (மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அமெரிக்கா 2012இல் வைத்ததை நம் அளவுக்கு மாற்றினால் ஏறக்குறைய ஒன்றரை மைக்ரோகிராம். நம்முடையது 30. மில்லிகிராமில் 0.03 என்று எழுதுவதால்தான் அது கண்டிப்பாக இருப்பதுபோலத் தோன்றுகிறது. இந்த மடலில் இனிமேல் புகையில் உள்ள பாதரசத்தை மைக்ரோகிராமிலேயே பேசுகிறோம். நீங்களும் அவையில் அப்படியே பேச வேண்டும் என்பது எங்கள் முதல் விண்ணப்பம்.

பாய்லருக்குள் நடப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம், பின்னால் வரும் எல்லாமே அதைப் பொறுத்தது. உலைச் சூட்டில் பாதரசம் முழுவதும் தனிம ஆவியாகிவிடும். புகை குளிர்ந்துகொண்டே வரும்போது மூன்றாகப் பிரியும். ஒரு பகுதி குளோரினோடு சேர்ந்து ஆக்சிஜனேற்றம் பெற்ற உப்பாகிறது. இது தண்ணீரில் கரையும். ஒரு பகுதி சாம்பலில் எரியாமல் மிஞ்சிய கரித்துகள்களில் ஒட்டிக்கொள்கிறது. மீதி தனிம ஆவியாகவே நிற்கும். அது தண்ணீரிலும் கரையாது, சாம்பலிலும் ஒட்டாது. நம் நிலக்கரியில் குளோரின் குறைவு, பாய்லர் நன்றாக எரித்தால் சாம்பலில் கரியும் குறைவு. ஆகவே மூன்றாவது பங்கு பெருத்துப் போகிறது. சாம்பல் பிடிக்கும் ஈ.எஸ்.பி. மின்புலத்தால் தூசை இழுக்கும் பெட்டி. ஆவியை அது என்ன செய்யும்? தூசு வரம்பு 100 மில்லிகிராமிலிருந்து 30க்கு இறங்கினாலும் தனிமப் பாதரசம் அதே வேகத்தில் கடந்து போகும்.

கரையும் பங்கையாவது எஃப்.ஜி.டி. பிடிக்கும் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. சுண்ணாம்புக்கல் கூழைத் தெளித்துக் கந்தகம் நீக்கும் கோபுரம் அது. ஹரியானாவின் ஜஜ்ஜரில் 660 மெகாவாட் அலகுகள் இரண்டு கொண்ட மகாத்மா காந்தி நிலையம் தொடக்கத்திலேயே அதோடு கட்டப்பட்டது. 2025 ஜூலை 11 அறிவிக்கை அந்த நம்பிக்கையின் பெரும்பகுதியைத் துடைத்துவிட்டது. தலைநகர் வட்டாரத்துக்கும் பத்து லட்சம் மக்கள்தொகைக்கு மேற்பட்ட நகரங்களுக்கும் 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை மட்டும் 2027 டிசம்பருக்குள் கந்தக வரம்புக்கு வர வேண்டும். அதற்கடுத்த பிரிவு தனித்தனியே பரிசீலிக்கப்படும். மூன்றாம் பிரிவு, அதாவது நாட்டின் நிலையங்களில் முக்கால் பங்குக்கும் மேல், புகைபோக்கி உயர நிபந்தனையோடு விலக்குப் பெற்றுவிட்டது. நம் நிலக்கரியில் கந்தகம் அரை விழுக்காடுதான், அதற்கு ஏன் இத்தனை செலவு என்ற வாதம் எங்களுக்கும் தெரியும், அதில் எங்களுக்குள்ளேயே இரண்டு கட்சி உண்டு. ஆனால் அந்த விலக்கின் பக்கவிளைவாக, பாதரசத்துக்குக் கிடைத்திருக்கக்கூடிய இலவசப் பிடிப்பும் போனது. அதற்கு மாற்றாக எதையும் அறிவிக்கை சொல்லவில்லை.

பாதரசத்துக்கான மினமாட்டா உடன்படிக்கையை இந்தியா 2018 ஜூன் 18 அன்று ஏற்புறுதி செய்தது. தொண்ணூறாம் நாள், செப்டம்பர் 16, அது நம்மைக் கட்டுப்படுத்தத் தொடங்கியது. எட்டாம் பிரிவின்படி புதிய நிலையங்களில் கிடைக்கக்கூடிய சிறந்த தொழில்நுட்பத்தை ஐந்தாண்டுக்குள் கொண்டுவர வேண்டும். அந்தக் கெடு 2023 செப்டம்பரில் முடிந்துவிட்டது. பழையவற்றுக்குப் பத்தாண்டு: 2028 செப்டம்பர் 16. பழையவற்றுக்கு உடன்படிக்கை ஐந்து வழிகள் தருகிறது. பல மாசுகளை ஒருசேரக் குறைத்து அதில் பாதரசமும் குறைவதைக் காட்டுவது அவற்றில் ஒன்று. எஃப்.ஜி.டி. போன பிறகு அந்த வழியில் காட்டுவதற்கு ஈ.எஸ்.பி.யைத் தவிர என்ன இருக்கிறது என்பதை அமைச்சகம்தான் சொல்ல வேண்டும்.

வரம்பை மாற்றினால் மட்டும் போதுமா? அளப்பது சரியாக இல்லாவிட்டால் 30ஐ 3 ஆக்கினாலும் காகிதத்தில் எல்லாம் சரியாகவே இருக்கும். தூசு, கந்தகம், நைட்ரஜன் ஆக்சைடு ஆகியவற்றுக்குப் புகைபோக்கியில் தொடர் அளவைக் கருவி உண்டு, அதன் கணக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சர்வருக்குப் போகும். பாதரசத்துக்கு அப்படியில்லை, ஆள் போய் மாதிரி எடுத்து ஆய்வகத்தில் பார்க்க வேண்டும். வரும் அறிக்கையில் அந்த வரியைப் பாருங்கள். 'பாதரசம்: 0.01', சில வேளை '0.00', சில வேளை 'கண்டறியும் அளவுக்குக் கீழ்'. இரண்டு தசமத்தில் எழுதினால் 5 மைக்ரோகிராமும் 14 மைக்ரோகிராமும் ஒரே 0.01தான். ஆய்வகத்தால் கண்டறிய முடிகிற மிகக் குறைந்த அளவு என்ன என்று எழுதாமல் 'அதற்குக் கீழ்' என்று எழுதுவது, எடைக்கல் எத்தனை கிலோ என்று சொல்லாமல் 'முள் அசையவில்லை' என்பதற்குச் சமம்.

செய்ய வேண்டிய முறை ஒன்றும் புதிதல்ல. பென்சில் தடிமனுள்ள கண்ணாடிக் குழாய். உள்ளே அயோடின் ஏற்றிய கரி இரண்டு அடுக்கு, நடுவே கண்ணாடிப் பஞ்சு. இப்படி இரண்டு குழாய்களைப் பக்கம் பக்கமாகச் சூடேற்றிய குச்சியின் நுனியில் பொருத்தி, புகைக்குள் நீட்டி, நிமிடத்துக்கு அரை லிட்டர் வீதம் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இழுக்க வேண்டும். 30 லிட்டர் புகையில் 25 மைக்ரோகிராம் செறிவென்றால் குழாயில் சிக்குவது முக்கால் மைக்ரோகிராம். அவ்வளவு சிறிய அளவில் கைப்பிழை எளிது என்பதால்தான் சோதனைக்கு மேல் சோதனை. இரண்டு குழாயும் பத்து விழுக்காட்டுக்குள் ஒத்துப்போக வேண்டும். இரண்டாம் அடுக்கில் சிக்கியது முதல் அடுக்கில் சிக்கியதில் பத்து விழுக்காட்டைத் தாண்டினால் முதல் அடுக்கு நிரம்பி வழிந்திருக்கிறது, அந்த மாதிரி செல்லாது. தெரிந்த அளவு பாதரசம் முன்கூட்டியே ஏற்றிய குழாயை வைத்துப் பார்த்தால் 85 முதல் 115 விழுக்காடு திரும்பக் கிடைக்க வேண்டும்.

தவறுவது பெரும்பாலும் சில்லறை இடங்களில். குச்சியின் சூடு குறைந்தால் ஈரம் கோத்துக் கரி நனைந்துவிடும், பிறகு அது பாதரசத்தைப் பிடிக்காது. குழாயின் ரப்பர் வளையத்தில் கசிவு இருந்தால் பம்பு புகையோடு வெளிக்காற்றையும் சேர்த்து இழுக்கும், அளவு குறைந்து வரும். மாதிரிக்கு முன்னும் பின்னும் கசிவுச் சோதனை இல்லாத அறிக்கையை நம்பக் கூடாது. அடுத்தது ஆக்சிஜன் திருத்தம். ஏர் ப்ரீஹீட்டரிலும் (உலைக்குப் போகும் காற்றைப் புகையின் சூட்டால் சூடேற்றும் கருவி) ஈ.எஸ்.பி.யிலும் ஓட்டை உடைசல் வழியாகக் காற்று புகுந்து புகைபோக்கியில் ஆக்சிஜன் 9 விழுக்காடாக இருந்தால், காற்றின் 21 விழுக்காட்டிலிருந்து 6ஐக் கழித்து வரும் 15ஐ, 9ஐக் கழித்து வரும் 12ஆல் வகுத்துக் கிடைக்கும் 1.25ஆல் பெருக்க வேண்டும். பெருக்காவிட்டால் 25 மைக்ரோகிராம் 20 என்று தெரியும். ஓட்டை கூடக்கூட அறிக்கை அழகாகும் என்பது இதில் உள்ள வேடிக்கை. கடைசியாக, சோதனை நாளைத் தேர்ந்தெடுப்பது. நல்ல சுரங்க நிலக்கரி வந்த நாளில், முழுச் சுமையில், இரண்டு மணி நேரம் எடுத்த மாதிரி ஓராண்டுக்குச் சாட்சி ஆகாது. முப்பது நாள் சராசரி வேண்டும். குழாயை நாள்கணக்கில் வைத்து எடுக்கும் முறையே இருக்கிறது.

புகைபோக்கி ஏறாமலே சரிபார்க்க ஒரு வழி உண்டு, அதைத்தான் நாங்கள் அதிகம் நம்புகிறோம். நிலக்கரியின் தரம் பார்க்க மூன்றாம் தரப்பு மாதிரி ஏற்கெனவே எடுக்கப்படுகிறது. அதே மாதிரியில் ஒரு பிடியைப் பாதரசத்துக்கும் பார்க்கச் சொல்லுங்கள் (அடுப்பில் வைத்துச் சூடாக்கி உலர்த்தக் கூடாது, நிழலில் ஆற விட வேண்டும், இல்லையென்றால் ஆய்வகம் போகும் முன்பே கொஞ்சம் பறந்துவிடும்). ஈ.எஸ்.பி.யின் அடியில் சாம்பல் சேரும் ஹாப்பர்களிலிருந்து அதே நாள் சாம்பலையும் பாருங்கள். 500 மெகாவாட் அலகு முழுச் சுமையில் மணிக்கு 325 டன் எரித்தால் உள்ளே போகும் பாதரசம் 45.5 கிராம். 35 விழுக்காடு சாம்பல், அதில் ஐந்தில் நான்கு பங்கு பறக்கும் சாம்பல் என்றால் மணிக்கு 91 டன். அந்தச் சாம்பலில் கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் இருந்தால் பிடிபட்டது 9 கிராம். உலைக்கு அடியில் விழும் சாம்பலில் பாதரசம் அநேகமாக இருக்காது. மீதி 36 கிராம் எங்கே? புகைபோக்கி அறிக்கை 36க்கு அருகில் வராமல் 10 கிராம் கணக்குக் காட்டினால், எங்கோ யாரோ தப்பாக அளந்திருக்கிறார்கள்.

இனி, பிடிப்பதற்கு என்ன செய்யலாம் என்பது. கழுவிய நிலக்கரி ஓரளவு உதவும், ஏனென்றால் பாதரசத்தில் ஒரு பங்கு பைரைட் என்னும் இரும்பு-கந்தகக் கனிமத்தோடு ஒட்டியிருக்கிறது, அது கழுவலில் கழியும். 34 விழுக்காட்டுக்கு மேல் சாம்பல் உள்ள நிலக்கரியைத் தொலைவுக்கு அனுப்பக் கூடாது என்ற விதி 2020 மே மாதத்தில் எடுக்கப்பட்டுவிட்டது. அதைத் திரும்பக் கேட்பது தனி வழக்கு, இங்கே விட்டுவிடுகிறோம்.

நேரடி வழி, புரோமின் ஏற்றிய தூள் கரியைப் புகைக்குள் ஊதுவது. இதற்குக் கோபுரம் வேண்டாம், பெரிய இடம் வேண்டாம். கரியைச் சேர்த்து வைக்கும் சைலோ, எடை பார்த்துக் கொட்டும் ஃபீடர், ஊதுகாற்று, ஏர் ப்ரீஹீட்டருக்கும் ஈ.எஸ்.பி.க்கும் நடுவே உள்ள குழாயில் வரிசையாகக் கரியை ஊதும் லான்ஸ் குழாய்கள். அந்த இடத்தில் 500 மெகாவாட் அலகில் மணிக்கு 30 லட்சம் கன மீட்டர் அளவுக்குப் புகை ஓடும். கன மீட்டருக்கு 50 மில்லிகிராம் கரி என்று தொடங்கினால் மணிக்கு 150 கிலோ, நாளைக்கு 3.6 டன். பத்து நாள் இருப்புக்கு 36 டன். தூள் கரி லேசானது என்பதால் சைலோ 70 கன மீட்டருக்கு மேல் வேண்டும். ஆண்டுக்கு 985 டன். கிலோ 100 ரூபாய் என்று வைத்தால் பத்துக் கோடிக்குச் சற்றுக் குறைவு, யூனிட்டுக்கு 3 பைசா. விலை இரட்டிப்பானாலும் 6 பைசா.

கேட்க எளிதாக இருக்கிறது. கெடுவதற்கும் இடம் நிறைய. முதலில் சூடு. 130, 140 டிகிரியில் கரி நன்றாகப் பிடிக்கும், 170ஐத் தாண்டினால் பிடி தளரும். டில்லிப் பக்கம் மே மாதம் வெளிக்காற்றே 45 டிகிரி. ப்ரீஹீட்டரில் சாம்பல் அடைத்தும் இருந்தால் புகை பத்துப் பதினைந்து டிகிரி கூடுதல் சூட்டில் வந்து சேரும். ஜனவரியில் சோதித்து வாங்கிய திட்டம் மே மாதத்தில் பல் இளிப்பது இதனால்தான். இரண்டாவது, நம் சாம்பலுக்கே உரிய தொல்லை. அதன் மின்தடை அதிகம் என்பதால் ஈ.எஸ்.பி. திணறும், அதைச் சமாளிக்கச் சில இடங்களில் கந்தக டிரை ஆக்சைடை ஊதுகிறார்கள். அது கரியின் துளைகளில் பாதரசத்துக்கு முன்பே போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கே சாம்பலைப் பதப்படுத்த அதற்குப் பதிலாக அம்மோனியாவுக்கு மாறாமல் கரி ஊதுவது காசைக் கரியாக்குவது.

மூன்றாவது, பரவல். குழாயின் குறுக்கே கரி சீராகப் பரவாவிட்டால் ஒரு பக்கப் புகை கரியைப் பார்க்காமலே போய்விடும். பிடிப்பதற்குக் கிடைப்பது ஒன்றிரண்டு விநாடிதான். லான்ஸ் நுனியில் சாம்பல் கட்டி அடைப்பது அன்றாடச் சங்கதி. ஒவ்வொரு லான்ஸுக்கும் தனி அழுத்தமானி இல்லையென்றால் எட்டில் மூன்று அடைத்திருப்பது யாருக்கும் தெரியாது. ஃபீடர் மணிக்கு 150 கிலோ என்று காட்டிக்கொண்டே இருக்கும். சைலோவில் கரி பாலம் கட்டிக்கொண்டு கீழே இறங்காமல் நிற்பது இன்னொன்று. அதிர்வுத் தட்டும் காற்றுத் திண்டும் கேட்டு வாங்க வேண்டும். நான்காவது, சுமை. சூரிய மின்சாரம் பகலில் வருவதால் நிலக்கரி அலகுகள் 55 விழுக்காட்டுக்கு இறங்க வேண்டும் என்று 2023இல் மத்திய மின்சார ஆணையம் விதி போட்டிருக்கிறது, போகப்போக 40. சுமை இறங்கும்போது புகை வேகம் குறைந்து கரி குழாயிலேயே படியும். ஊதும் அளவு சுமையோடு ஏறி இறங்க வேண்டும், கையால் வால்வு திருகும் ஏற்பாடு இதற்கு ஆகாது.

சாம்பல் விற்பனை கெட்டுவிடும் என்று நிறுவனங்கள் சொல்லும். 91 டன்னில் 150 கிலோ என்பது 0.16 விழுக்காடு. சிமென்ட் ஆலைக்குப் போகும் சாம்பலுக்கு இந்தியத் தர விதி அனுமதிக்கும் எரிதல் இழப்பு 5 விழுக்காடு. கான்கிரீட் கலவையில் ஊற்றும் ரசாயனத்தைக் கரி கொஞ்சம் உறிஞ்சும் என்பது மெய். சோதித்துப் பார்த்து அளவைத் திருத்திக்கொள்ளலாம். எங்களுக்கு இதைவிடக் கவலை, பிடித்த பாதரசம் திரும்பக் கிளம்புவது. சாம்பலைக் கிளிங்கரோடு (சூளையில் சுட்டெடுத்த சிமென்ட் கட்டி) அரைத்துக் கலந்தால் பாதரசம் உள்ளேயே தங்கும். அதே சாம்பலைக் களிமண்ணுக்குப் பதிலாகச் சூளைக்குள் போட்டால் அத்தனையும் ஆவியாகிச் சிமென்ட் ஆலைப் புகைபோக்கி வழியே வெளியேறும். நாம் செய்தது பாதரசத்தை லாரியில் ஏற்றி இடம் மாற்றியது மட்டுமே. எஃப்.ஜி.டி. உள்ள இடத்தில் வேறு சிக்கல்: கோபுரத் தொட்டியில் சல்ஃபைட் கூடினால் கரைந்த பாதரசம் மறுபடி தனிமமாகி மேலே கிளம்பிவிடும். கூழின் ஆக்சிஜனேற்ற-ஒடுக்க மின்னழுத்தத்தைக் கவனித்து, தேவைப்பட்டால் சல்ஃபைடு (சல்ஃபைட் அல்ல, வேறு உப்பு) சேர்த்து வீழ்படிவாக்க வேண்டும்.

நிலக்கரி பெல்ட்டிலேயே கால்சியம் புரோமைடு கரைசலைச் சொட்டவிடும் முறையும் உண்டு. மணிக்கு இருபது, இருபத்தைந்து லிட்டர் போதும். ஆனால் அது பாதரசத்தைக் கரையும் வடிவத்துக்கு மாற்றுமே தவிரப் பிடிக்காது. பின்னால் எஃப்.ஜி.டி.யோ கரியோ இல்லாமல் புரோமைடு மட்டும் வாங்குவது, மீனை வலைப்பக்கம் விரட்டிவிட்டு வலையை வீட்டில் வைத்துவிட்டு வருவது. ப்ரீஹீட்டரின் குளிர்முனைத் தகடுகள் அரிப்பதும் உண்டு. சொல்லப்போனால் டில்லி வட்டாரத்தில் இந்த மாற்றம் கொஞ்சம் தானாகவே நடக்கக்கூடும்: 2023 விதிப்படி நிலக்கரியோடு 5 விழுக்காடு பயிர்க்கழிவு வில்லைகளைச் சேர்த்து எரிக்க வேண்டும். நெல் வைக்கோலில் குளோரின் அரை விழுக்காடு அளவுக்கு இருப்பதுண்டு. அதனால் பாதரசம் எவ்வளவு கரையும் வடிவத்துக்கு மாறுகிறது என்பதை அளந்து பார்க்க இதைவிட நல்ல வாய்ப்பு வராது.

கரிக்கும் எங்கேயும் போக வேண்டாம். காங்கேயம், பொள்ளாச்சிப் பக்கம் கொட்டாங்கச்சிக் கரியைச் செறிவூட்டி வெளிநாட்டுக்கு அனுப்பும் தொழில் தழைத்திருக்கிறது. அதன் துளைகள் மிக நுண்ணியவை, ஆகவே இருபது மைக்ரானுக்குள் அரைத்துப் புரோமின் ஏற்றினால்தான் இரண்டு விநாடியில் வேலை செய்யும். குழி தோண்டிச் சிரட்டை சுடுவதால் கிணற்றுத் தண்ணீர் கெடும் கதை அந்தப் பக்கத்து உறுப்பினர்களுக்குத் தெரியும்; மூடிய உலையில் சுட்ட கரி என்ற நிபந்தனை டெண்டரிலேயே இருக்கட்டும்.

டில்லியைச் சுற்றியுள்ள புகைபோக்கிக்காகத் தமிழ்நாட்டு எம்.பி. ஏன் மெனக்கெட வேண்டும்? கரையும் பாதரசம் சில பத்து, சில நூறு கிலோமீட்டருக்குள் மழையோடு இறங்கிவிடும். எண்ணூரும் தூத்துக்குடியும் அதைத் தம் பங்குக்குப் பெறுகின்றன. தனிம ஆவி காற்றில் மாதக்கணக்கில் சுற்றும். ஜஜ்ஜரில் எரித்தது எங்கே இறங்கும் என்று யாரும் எல்லை போட முடியாது. மூச்சில் போகும் அளவு அச்சப்பட வேண்டியதல்ல. சேற்றிலும் கழிமுகத்திலும் நுண்ணுயிர்கள் அதை மீத்தைல் பாதரசமாக்கிய பிறகுதான் வினை: சிறிய மீனில் கொஞ்சம், அதைத் தின்ற பெரிய மீனில் அதிகம், கருவில் இருக்கும் குழந்தையின் மூளையில் நிரந்தரம். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுக்கும் வழக்கமுள்ள நாடு நம்முடையது. சுறா அந்த ஏணியின் உச்சியில் இருக்கும் மீன். நெத்திலியும் மத்தியும் கீழ்ப்படியில் இருப்பதால் கவலை குறைவு என்று மருத்துவர்கள் சொல்லலாம். ஆனால் ஏணியின் அடியில் பாதரசம் கொட்டுவதை நிறுத்துவது சமையலறையின் வேலையல்ல. கொடைக்கானலில் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது, பாதரசம் கண்ணுக்குத் தெரிந்ததால். புகைபோக்கியில் தெரிவதில்லை.

நாங்கள் கேட்கும் அளவு இது. இயங்கும் எல்லா அலகுகளுக்கும், 210 மெகாவாட் பழையவை உட்பட, 10 மைக்ரோகிராம், முப்பது நாள் சராசரியில். 25இலிருந்து 10 என்பது 60 விழுக்காடு பிடிப்பு, ஈ.எஸ்.பி.யும் மிதமான அளவு கரியும் இதற்குப் போதும் என்பது எங்கள் கணிப்பு. 2028 செப்டம்பருக்குள் 5. புதிய அலகுகளுக்கு இன்றே 4. ஓய்வுபெறும் நாள் எழுத்தில் குறிக்கப்பட்டு இரண்டாண்டுக்குள் மூடப்போகும் அலகுக்கு மட்டும் விலக்குத் தரலாம், அதற்குச் செலவு செய்யச் சொல்வது நியாயமில்லை. இதற்கு முன் இரண்டு அலகுகளில் வெள்ளோட்டம்: டில்லிக்கு அருகே ஒன்று, எண்ணூருக்கு அருகே ஒன்று. ஒரு வாரம் கரி இல்லாமல் அளந்து, பிறகு கன மீட்டருக்கு 20, 40, 60, 80 மில்லிகிராம் கரி என்று படிப்படியாக ஏற்றி, நல்ல அளவைக் கண்டு, அதில் முப்பது நாள் இடைவிடாமல். ஒரு வெள்ளோட்டம் மே மாதத்தில் நடக்க வேண்டும்.

அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் சொல்ல வேண்டிய நட்சத்திரக் கேள்விக்குப் பதினைந்து முழு நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். வாசகத்தை எழுதியே தருகிறோம்: 'நிலக்கரியில் இயங்கும் ஒவ்வொரு அனல்மின் அலகிலும் கடந்த மூன்றாண்டில் எடுத்த பாதரச அளவு மைக்ரோகிராமில் என்ன, ஒவ்வொரு சோதனையிலும் ஆய்வகத்தின் கண்டறியும் எல்லை என்ன, அதே நாளில் எரித்த நிலக்கரியில் பாதரசம் எவ்வளவு? மினமாட்டா உடன்படிக்கையின்படி 2023 செப்டம்பருக்குள் புதிய அலகுகளில் கொண்டுவர வேண்டிய தொழில்நுட்பம் எந்தெந்த அலகில் நிறுவப்பட்டது?'

பதில் அநேகமாக 'எல்லா நிலையங்களும் வரம்புக்குள் இருக்கின்றன' என்று வரும். அப்போது எழுந்து துணைக் கேள்வியாக ஒன்று மட்டும் கேளுங்கள்: 'அந்த வரம்புக்குள் இருக்க இந்த நிலையங்கள் எந்த இயந்திரத்தை மாட்டின?'

புது டில்லி, ஆர்.கே.புரம்
இப்படிக்கு,
டில்லிவாழ் தமிழ் அனல்மின் பொறியாளர்கள் சிலர்